மானியமும் பட்டறையும்

கம்பைநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு, இவ்வட்டாரத்தின் வாழ்க்கை நிலை எந்தப் புத்தகத்தின் துணையுமின்றியே விளங்கிவிடும். தோளில் ஒரு பை, கையில் ஒரு தூக்குவாளி, கண்ணில் இன்னும் கலையாத உறக்கம்; இளைஞர்கள் ஒசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் புறப்படுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கூட்டம் பெருகும். தென்பெண்ணையில் தண்ணீர் வந்த ஆண்டுகளில் சற்றுக் குறையும். அவர்களுள் ஒருவரிடம் "என்ன வேலை தெரியும் தம்பி?" என்று நாம் கேட்டதுண்டு. "எந்த வேலையென்றாலும் செய்வேன் ஐயா" என்பதே கிடைத்த விடை. உழைக்க அஞ்சாத அந்த உள்ளத்தை எண்ணி மகிழ்வதா, எந்த வேலையும் அவருக்கு முறையாகக் கற்பிக்கப்படவில்லையே என்று வருந்துவதா என நமக்குப் புரியவில்லை.

கைத்தொழில் கல்வியை யார் கொடுத்தார்கள், யாருடைய பணத்தில் கொடுத்தார்கள், அந்தப் பணம் நின்றபோது என்ன ஆயிற்று என்ற மூன்று கேள்விகளோடு கடந்த காலத்தைப் புரட்டினால், நம் மண்ணிலேயே வியப்புக்குரிய செய்திகள் கிடைக்கின்றன. அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தருமபுரி தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சேலத்திலிருந்தே தொடங்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் அரசில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார், உள்நாட்டுத் தொழில்களை அரசுப் பணத்தைக் கொண்டு சீர்படுத்த முடியும் என்று உறுதியாக நம்பியவர். சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898 அளவில் தொடங்கி, அது தன் காலில் நிற்கத் தொடங்கியதும் தனியாரிடம் ஒப்படைத்தவர். அவரது முயற்சியால் 1906 அளவில் சேலத்தில் அரசுக் கைத்தறி நெசவாலை ஒன்று எழுந்தது. விசைநாடாத் தறி முதலிய திருந்திய கருவிகளை நெசவாளர்க்குப் பழக்குவதும், ஒரே கூரையின் கீழ் ஒழுங்காக வேலை செய்தால் வருவாய் உயருமா என்று கண்டறிவதும் அதன் நோக்கங்கள். வழி எளிதாக இல்லை. வீட்டுத் தறியில் தன் விருப்பம்போல் அமர்ந்து நெய்து பழகிய நெசவாளர், மணியடித்தால் வந்து மணியடித்தால் போகும் கட்டுப்பாட்டை விரும்பவில்லை. ஆயினும் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது.

அதை நிறுத்தியது லண்டனிலிருந்து வந்த கடிதம். அப்போது இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு, 1910 ஜூலையில் அனுப்பிய ஆணையில், அரசுப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம், ஆனால் அரசே தொழில் நடத்திக் காட்டுதல் கூடாது என்று வரம்பிட்டார். தனியார் முதலாளிகளின் முறையீடும் அதற்குப் பின்னணியாக இருந்தது. சேலத்து ஆலை மூடப்பட்டது. சாட்டர்ட்டன் சில ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்துக்குப் பணியாற்றச் சென்றுவிட்டார். சேலத்துத் தெருவில் தறியருகே நின்ற ஒரு நெசவாளர்க்கு மார்லியின் பெயர்கூடத் தெரிந்திருக்க முடியாது. அவர் கற்றுக்கொண்டிருந்தது பாதியில் நின்றதற்குக் காரணம் கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட சில வரிகள். நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட ஒன்று, கொடுப்பவரின் கருத்து மாறியதும் நின்றுபோவதை நாம் இக்கட்டுரையில் இன்னும் ஒருமுறை காண்போம்.

அரசு மானியம் என்னும் முறைக்கு இந்நாட்டில் வழிகோலியது 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை. தனியாரும் சமய சபைகளும் நடத்தும் பள்ளிகளுக்கு, அரசின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டால் உதவித்தொகை வழங்கலாம் என்றது அது. மறுஆண்டே மதராஸில் மானிய விதிகள் வந்தன. நம் பங்குகளில் இன்றும் இயங்கும் உதவிபெறும் பள்ளிகள் இந்த வேரில் கிளைத்தவையே. 1860களில் மாணவர் தேர்வில் பெறும் வெற்றிக்கேற்ப மானியத்தை அளந்து கொடுக்கும் முறையும் புகுத்தப்பட்டது. எழுத்தும் கணக்கும் தேர்வில் அளக்க எளியவை. உளி பிடிக்கும் கையின் பக்குவம் அவ்வாறு அளக்க எளியதன்று. ஆகவே பள்ளிகள் எதை நோக்கி ஓடின என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டறை வைத்திருந்த பள்ளிகளும் மெல்லப் புத்தகப் பள்ளிகளாயின. மானியம் எதை அளக்கிறதோ அதுவே வகுப்பறையில் வளரும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

இங்கு ஒரு சிறு விலகல். சென்னை எழும்பூரில் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் நிறுவனம், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் சொந்தப் பணத்தில் தொடங்கிய பள்ளி. சில ஆண்டுகளுக்குள் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தனி மனிதரின் கைப்பணம் முதலில் வந்தது, பொதுப்பணம் பின்னர் வந்தது என்ற இந்த வரிசை நம் தொழிற்கல்வி வரலாற்றில் பலமுறை திரும்ப வருகிறது. நம் சமுதாயக் கல்லூரிகளின் கதையும் அதுவே.

அதற்கு முன், தூரின் நகரத்து ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானபோது அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற ஜோசப் அந்தோணி இருதயராஜ் அவர்கள் சலேசிய சபைத் துறவி என்பதை நம் வாசகர் அறிவர். அச்சபையை நிறுவிய தொன் போஸ்கோ, 1852 பிப்ரவரியில் ஒரு தச்சுத் தலைவருக்கும் ஓர் ஏழைச் சிறுவனுக்கும் இடையே முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதுவித்துத் தாமும் கையெழுத்திட்டார். தொழிலை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும்; தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலைகளுக்குப் பையனைப் பயன்படுத்தக் கூடாது; கூலி படிப்படியாக உயர வேண்டும்; ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு நாள்கள். பின்னர் 1853 முதல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல், நூற்கட்டு, தச்சு, அச்சு என்று பட்டறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பணம் எங்கிருந்து வந்தது? குலுக்கல் சீட்டு நடத்தினார், செல்வர் வீட்டுப் படியேறினார், அரசிடமும் கேட்டார். ஒரே கையை நம்பி அவர் இருந்ததில்லை. சலேசியர் 1906இல் அன்றைய மயிலாப்பூர் ஆயரின் அழைப்பை ஏற்றுத் தஞ்சாவூருக்கு வந்தபோது இந்தப் பட்டறை மரபும் அவர்களோடு வந்தது.

அந்த ஒப்பந்தத்தை நாம் நினைவூட்டுவதற்கு அண்மைக் காலக் காரணம் ஒன்று உண்டு. திருப்பூர், கோவைப் பகுதிப் பஞ்சாலைகளுக்குத் தருமபுரி போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துச் சென்ற "சுமங்கலித் திட்டம்" நம் குடும்பங்கள் பலவும் அறிந்ததே. மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு ஆலைப் பதிவேட்டில் பெயர் "பயிற்சியாளர்". என்ன பயின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2008இல் தமிழக அரசு பஞ்சாலைப் பயிற்சியாளர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்க வேண்டி வந்ததே நிலைமையை எடுத்துரைக்கும். பயிற்சி என்ற சொல்லை உண்மையாக்க ஒரு நிறுவனமும் அதற்குப் பணமும் இல்லாத இடத்தில், அச்சொல் மலிவுக் கூலிக்குப் போர்வையாகிவிடுகிறது. பயிற்சிப் பணத்தைப் பற்றிய பேச்சு நமக்கு வெறும் கணக்குப் பேச்சாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

விடுதலைக்குப் பின் அரசு சும்மா இருக்கவில்லை. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது, அதிலிருந்து ஐ.டி.ஐ.கள் பெருகின. 1961இல் தொழில் பழகுநர் சட்டம். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய அரசு சமுதாய பாலிடெக்னிக் திட்டத்தை முழு மானியத்தோடு தொடங்கி, பாலிடெக்னிக்குகள் தம்மைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சென்று குறுகிய காலப் பயிற்சி தருமாறு செய்தது. ஆயினும் பத்தாம் வகுப்பில் தவறியவர், பள்ளியை இடையில் விட்டவர், திருமணமாகி வீட்டிலிருக்கும் பெண், மதிப்பெண் பட்டியலைக் காட்ட இயலாதவர் ஆகியோர் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியேதான் நின்றனர்.

அவர்களை மனத்திற்கொண்டு எழுந்ததே சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்னும் ஊரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வளர்ந்த கருத்து அது. இந்தியாவில் முதலாவது, 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொடங்கியது. 1996இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. சேசு சபைத் துறவியான அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இக்கருத்தைத் தமிழகமெங்கும், பின்னர் நாடெங்கும் கொண்டுசென்றார். 1999இல் சென்னையில் இதற்கென ஓர் ஆய்வு வளர்ச்சி மையமும் எழுந்தது. ஓராண்டுப் பட்டயப் படிப்பு; வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன்கள், நிறுவனங்களில் நேரடிப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம். நுழைவுக்குத் தடையில்லை. உள்ளூர்த் தொழில் நிறுவனங்களோடு பேசிய பின்னரே எந்தப் படிப்பு என்பது முடிவாகும். மருத்துவமனை உதவியாளர், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, தையல், கணினி எனப் படிப்புகள் அந்தந்த ஊரின் தேவையை ஒட்டி அமைந்தன.

இவற்றுக்குத் தொடக்கத்தில் மானியம் என்று ஏதுமில்லை. பங்கின் கூடம், பள்ளி முடிந்த பின் மாலை நேர வகுப்பறை, சிறு கட்டணம், துறவு சபைகளின் ஆள்பலம், எப்போதாவது வெளிநாட்டுக் கொடை. இந்தக் கடைசி வகையைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஜெர்மனி நாட்டு ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசரியோர் போன்ற அமைப்புகளின் உதவியால் நம் நாட்டில் எழுந்த தொழிற்பள்ளிகளும் பட்டறைகளும் பல. 1959இல் கேரளத்து நெட்டூரில் சுவிஸ் திருச்சபை உதவியோடு தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், கருவியமைப்புத் தொழிலில் புகழ்பெற்று, பிற்காலத்தில் தன் வருவாயிலேயே இயங்கும் நிலைக்கு வந்தது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1976இல் வந்தது, 2010இல் புதுப்பிக்கப்பட்டது, 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்ததோடு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. பெரிய அமைப்பின் வழியாகச் சிறு தொகை பெற்றுவந்த கிராமத்துப் பயிற்சி மையங்களுக்கு அந்த வாய்க்கால் அடைபட்டது.

இனி, அங்கீகாரம் பற்றி. சமுதாயக் கல்லூரி முதலில் வேண்டிநின்றது பணத்தைக் காட்டிலும் சான்றிதழுக்கு மதிப்பு. 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளை ஏற்றுக்கொண்டு பட்டயங்கள் வழங்க முன்வந்தது பெரும் உதவி. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானவை அதில் சேர்ந்தன. மூன்றே ஆண்டுகளில், தலைமை மாறியபோது, அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. நடுவில் அகப்பட்ட மாணவர்களின் நிலையை எண்ணும்போது 1910இன் சேலத்து நெசவாளர் நம் நினைவுக்கு வருகிறார்.

பிறகு மெய்யான மானியம் வந்தது. 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 2013 முதல், பல்கலைக்கழக மானியக் குழு வழியாகச் சமுதாயக் கல்லூரிகளுக்கு மத்திய நிதி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அதே ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஓராண்டு படித்து வேலைக்குச் சென்றவர் பின்னர் திரும்பிவந்து மேற்கொண்டு படிக்கலாம் என்ற வாயில் திறந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த மானியம் பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கிவந்த கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் சென்றது. கருத்தைச் சுமந்து வளர்த்த சிறு மையங்கள், மானியக் குழுவின் தகுதிப் பட்டியலில் இடம்பெறும் வகையினவாக இல்லை. கட்டடம், நூலகம், பணிமூப்புடைய ஆசிரியர் ஆகியவற்றைக் கேட்கும் படிவத்தின் முன், பங்குக் கூடத்தில் நடக்கும் பயிற்சி என்ன செய்யும்? பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் நமக்குக் கருத்து வேறுபாடு.

அமெரிக்காவில் இதைப் பற்றி நீண்ட காலம் சிந்தித்திருக்கிறார்கள். 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய மானியத்தைத் தொடங்கிவைத்தது. 1984 முதல் பெர்க்கின்ஸ் என்னும் சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்கும் சட்டம் அதைத் தொடர்ந்தது. இப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ 140 கோடி டாலர் அதன்வழி மேல்நிலைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் போகிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மானியம் பெறும் கல்லூரி ஈராண்டுக்கு ஒருமுறை தன் வட்டாரத்துத் தொழில் தேவையை ஆராய்ந்து எழுத வேண்டும்; முதலாளிகள், பெற்றோர், மாணவர், ஆசிரியர் எல்லாரையும் அந்த ஆய்வில் கலந்துகொள்ளச் செய்ய வேண்டும். தன் வழக்கமான செலவுக்கு மாற்றாக அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது; அதற்கு மேற்பட்டதாகவே செலவிட வேண்டும். நிர்வாகத்துக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. பணம் குறைவானாலும் ஆண்டுதோறும் வரும் என்ற உறுதியே அதன் வலிமை என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே நாட்டில் நேர்மாறான ஒரு மானியமும் இருந்தது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாக ஏறத்தாழ 190 கோடி டாலர் சமுதாயக் கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டது. பெருந்தொகை, ஆனால் காலவரையறை உடையது. புதிய படிப்புகள் எழுந்தன, கருவிகள் வந்தன, வழிகாட்டுநர் அமர்த்தப்பட்டனர். காலம் முடிந்ததும் அவர்களுக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி எழுந்தது. எனினும் அத்திட்டத்தில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது: மானியத்தில் உருவான பாடநூல்களையும் பாடத்திட்டங்களையும் எவரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். பணம் நின்ற பின்னும் அந்தப் பாடங்கள் நின்றன.

மானியத்தால் வாங்கப்படும் எந்திரத்தைப் பற்றி நம் சொந்த நினைவொன்று உண்டு. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இடம் எது, நிறுவனம் எது என்பது வேண்டா. கொடையாளர் உதவியால் வாங்கிய ஒரு லேத், பளபளக்கும் புது லேத், துணி போர்த்தி மூலையில் நின்றது. மும்முனை மின்னிணைப்புக்கு விண்ணப்பத்தில் தொகை கேட்கவில்லையாம். இணைப்பு வந்தபோது லேத் ஓட்டக் கற்பித்தவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். மாதச் சம்பளத்துக்கும் விண்ணப்பத்தில் இடமில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் அழகாக இருந்தது. அந்த விண்ணப்பத்தை எழுதியவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எந்திரத்தின் விலை நமக்குத் தெரிந்திருந்தது. எந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் பத்தாண்டுகள் நிற்க என்ன செலவாகும் என்று நாம் கணக்கிடவில்லை. கொடையாளரும் கேட்கவில்லை. படம் எடுத்து அனுப்பக் கட்டடமும் கருவியும் உதவும். ஆசிரியரின் மாதச் சம்பளத்தைப் படம் எடுப்பது எவ்வாறு?

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் பணம் இரு வழிகளில் வந்திருக்கிறது. ஒன்று நிறுவனங்களுக்கு: 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில், டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, எந்திர மனிதக் கருவிகள் வரை கொண்ட பயிற்சிக்கூடங்களாக்கும் திட்டம். மற்றொன்று கற்பவர்க்கு: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பட்டயப் படிப்பும் ஐ.டி.ஐ.யும் இவற்றுள் அடங்கும். ஆயிரம் ரூபாய் சிறு தொகையாகத் தோன்றலாம். மதிய உணவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒவ்வொரு நாளும் தந்தையிடம் கேட்டு நிற்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு, தன் பெயரில் வரும் அந்தத் தொகை படிப்பை நிறுத்தாதிருக்கப் போதிய காரணமாகலாம். இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் எந்திரங்கள் நிற்கும், பிள்ளைகள் வரமாட்டார்கள். அல்லது பிள்ளைகள் வருவார்கள், கற்பிக்க ஆளிருக்காது.

இந்த நீண்ட வரலாற்றைப் படித்துவிட்டுக் கம்பைநல்லூர்க் கடைவீதியில் நடந்தால் கண்ணில் படுபவை வேறாகின்றன. ஆழ்துளைக் கிணற்றை நம்பி வேளாண்மை நடக்கும் ஊரில் நீர்மூழ்கி மோட்டார் பழுதாகாத வாரமில்லை. காயில் கட்டும் கடையில் முதியவரும் இரண்டு பையன்களும் செம்புக் கம்பியோடு குனிந்திருக்கிறார்கள். டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை, இருசக்கர வாகனக் கடை, வெல்டிங் கூடம், தையற்கடை, மாம்பழக் கூழ் ஆலைக்குப் பருவத்தில் ஆள் தேடும் தரகர். இவர்கள் எல்லாரும் ஆசிரியர்கள்; இவர்களிடம் இருக்கும் பையன்கள் எல்லாரும் மாணவர்கள். சான்றிதழ் மட்டும் இல்லை. முன்பே கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு தேசியத் திறன் திட்டங்களில் இப்போது உண்டு. ஆனால் சோதிப்பவரை இந்தக் கடைவீதி வரை அழைத்துவர ஒருவர் வேண்டும். ஒரு பங்குக் கூடமும், வாரம் மூன்று மாலையும், அந்த முதியவர்க்குத் தவறாமல் சேரும் ஒரு மதிப்பூதியமும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்று அருட்பணியாளர் ஒருவரிடம் நாம் சொன்னோம். "மூன்றாண்டுக்குத் தரக்கூடியவரைக் காட்டுங்கள், கூடத்தை நாளையே திறந்துவிடுகிறேன்" என்றார்.

காயில் கட்டும் கடைப் பெரியவரிடமும் கேட்டோம். வாரம் மூன்று மாலை வருவதற்கு அவர்க்கு மறுப்பில்லை. கரும்பலகையில் எழுதச் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. கம்பியைக் கையில் கொடுத்துத்தான் சொல்லிக்கொடுப்பாராம்.